வெள்ளையடித்த அடுப்புக் கல்

படத்தில் இருப்பது நான்தான், அதில் சந்தேகம் இல்லை. சாயம் போன நீலப் புடவை, ஒரு பக்கமாகச் சரிந்த கொண்டை, கூச்சத்தில் கோணிப்போன வாய். எதிரே தலையில் துணி சுற்றிய ஒரு பெண். எங்கள் இரண்டு பேர் கைகளும் ஒரே கிண்ணத்தைப் பிடித்திருக்கின்றன. அந்தப் படத்தைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை கன்னியர் மடத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் திரை கட்டிச் சுவர் அகலத்துக்குக் காட்டினார்கள். கீழே பெரிய எழுத்தில் ‘பசித்தவருக்கு உணவளிக்கும் நம் புதுவைத் தாய்’ என்று போட்டிருந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். என்னை மேடைக்கு இழுத்துப் போய்ப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கை வாய்க்கு நேராக நீட்டினார்கள். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அங்கே நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். தலையை ஆட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். “பாவம், அடக்கமான அம்மா” என்று ஒருத்தர் சொன்னது காதில் விழுந்தது.

அடக்கமும் இல்லை ஒன்றும் இல்லை. எனக்கு வந்தது கோபம்.

அந்தக் கிண்ணம் அவளுடையது. அதில் இருந்த களியைக் கிண்டியவள் அவள். அவள் எனக்குக் கொடுக்கிறாள், நான் வாங்குகிறேன். கண் இருக்கிறவர்கள் பார்த்தால் தெரியும். என் கை கிண்ணத்துக்குக் கீழே ஏந்தினாற்போல் இருக்கிறது. ஆனால் இங்கேயிருந்து ஆப்பிரிக்காவுக்குச் சோறு போடப் போனவள் வாங்குவாள் என்று யாருக்குத் தோன்றும்? ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணல்மாணலாக வரும். காகிதம் மனிதர்களைப் போல என் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டு இருக்காது. அதனால் இதை எழுதுகிறேன்.

*

என் வீட்டுக்காரர் மில்லில் இருந்தார். மில் மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்தார், பிறகு போய்ச் சேர்ந்தார். நான் கன்னியர் மடத்து ஹாஸ்டலில் சமையல் செய்தேன். நாங்கள் வேதக்காரர்கள் இல்லை. அவர் போன பிறகும் நான் குங்குமத்தை விடவில்லை; அதை நெற்றியில் வைத்துக்கொண்டேதான் அத்தனை வருஷமும் அந்த அடுப்படியில் நின்றேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. கன்னியாஸ்திரிகளை எங்கள் ஊர்ப் பழைய ஆட்கள் மாசேர் என்று கூப்பிடுவோம். முட்டி வலி வந்து வேலையை விட்ட பிறகும் மாசேர்கள் கிறிஸ்துமஸுக்குப் புடவை கொடுத்து அனுப்புவார்கள்.

அந்த மடத்துக்கு ஆப்பிரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரி உண்டு. மழை மறந்துபோன ஒரு நாடு, பேச்சு பிரெஞ்சு. நாட்டின் பேரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் சொல்லவில்லை. அங்கே தலைமை மாசேர் எங்கள் காரைக்கால் பக்கத்துக்காரர். இங்கிருந்து ஒரு சின்னக் குழு இரண்டு மாதத்துக்குப் போய் ஊழியம் செய்துவிட்டு வரலாம் என்று ஏற்பாடு ஆனது. சமைக்க ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள்.

தட்டாஞ்சாவடியில் வேலை பார்க்கும் என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். “எம்மா, தட்டாஞ்சாவடி பஸ்ஸுல ஏறச் சொன்னா கடலூர் பஸ்ஸுல ஏறி ஒக்காந்துக்குவ. நீ ஏரோப்ளேன்ல ஏறி எங்க போயி எறங்கப் போற?”

மருமகள் விடவில்லை. “அத்த, போயிட்டு வாங்க. இந்த ஊட்ல ஒருத்தராச்சும் ஏரோப்ளேன்ல போனாங்கன்னு சொல்லிக்கலாம்ல.”

போனேன். எங்கள் குழுவின் தலைவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இவர் பட்டாளத்து மெஸ்ஸைப் பார்த்துக்கொண்டவர். நெடுநெடுவென்று இருப்பார், சட்டையில் மடிப்புக் கலையாது. ஒரு வேலை முடிந்தால் உள்ளங்கையைத் தட்டி “வொலா!” என்பார். அவரைத் தவிர, பிரெஞ்சு படித்த ஒரு நர்ஸ் பெண்ணும் வந்தாள். அவள் வைத்திக்குப்பத்துக்காரி. வாய் கொஞ்சம் நீளம். எனக்கு அவள்தான் காதும் வாயும்.

*

நம் ஊர் வெயில் ஈரத் துணியைப் போட்டு அமுக்குகிற மாதிரி இருக்கும். அந்த ஊர் வெயில் தோலை உரிக்கும். வேர்வை வந்ததே தெரியாது, அதற்குள் காய்ந்து உப்பாகிவிடும். புடவையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் காய்ந்திருக்கும். காற்று எழும்பினால் வானமே செம்மண் நிறமாகிவிடும். உதடு வெடித்து, சிரித்தால் ரத்தம் வரும். அதனால் யாரும் லேசில் சிரிக்கவில்லை.

ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் எனக்கு ஒரு ஆறுதல். முற்றம் முழுக்க வேப்பமரம். நம் வேப்பமரமேதான். அதன் நிழலில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து மூன்று கல் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் மர உரலில் கம்பு இடிக்கிற சத்தம். கம்புதான், கையில் எடுத்துப் பார்த்தேன். புகையும் பேச்சும் கோழியுமாக, ஆஸ்பத்திரி என்று சொன்னால் நம்ப முடியாது.

அந்த ஊர் வழக்கம் அது. நோயாளி ஒருத்தர் வந்தால் அவர் கூடவே வீட்டுப் பெண் ஒருத்தி வருவாள். கம்பு மூட்டை, சட்டி, உலக்கை எல்லாம் கழுதை வண்டியில் வரும். சுகமாகிப் போகிற வரைக்கும் அவள் மரத்தடியில் இருந்து சமைத்து, உள்ளே கொண்டுபோய் ஊட்டி, துடைத்து, பக்கத்திலேயே இருப்பாள். ஆஸ்பத்திரியில் மருந்தும் கட்டும்தான் மாசேர்கள் பொறுப்பு. யாருமே இல்லாத கிழவர்கள் சிலர் கடைசி அறையில் கிடந்தார்கள். அவர்களுக்கு மட்டும் மடத்துச் சமையலறையிலிருந்து தட்டில் சோறு போகும்.

இது எனக்கு அப்போதே தெரிந்திருக்க நியாயமில்லை. தலைமை மாசேருக்குத் தெரியும். அவர் அங்கே தலை நரைத்தவர்.

சொல்தா நாலு நாள் முற்றத்தைப் பார்த்தார். ஐந்தாம் நாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு சுற்று நடந்தார். சாயங்காலம் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார்.

“ஆஸ்பத்திரியா இது? திருவிழாக் கடத்தெரு மாரி இருக்கு. பூரா பொகை. போன மாசம் பொறி பறந்து ஒரு பாய் எரிஞ்சிருக்கு. இந்தப் பொம்பளைங்களும் பாவம், ஊரு வேலைய வுட்டுட்டு இங்க வந்து அடுப்பு ஊதிக்கிட்டு கெடக்குறாங்க. நாம ஒரே கிச்சன் போடுவோம். எல்லாருக்கும் மூணு வேள சுடச்சுடச் சோறு. வெளிய எவனும் நெருப்பு வெக்கக் கூடாது. வொலா!”

தலைமை மாசேர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். சொல்தா மூலமாகத்தான் பிரான்சிலிருந்து எக்ஸ்ரே மிஷின் வருவதாக இருந்தது. எனக்கு அந்த மூடிய வாய் மேல் உள்ள கோபம் இன்னும் போகவில்லை. நான் வாயை மூடினால் அது என் கூச்சம். அவருக்கு என்ன?

நான் என்ன நினைத்தேன் என்றால், நல்லதுதானே என்று நினைத்தேன். சோறு போடுவதில் கெடுதல் இருக்கும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்காவது தோன்றுமா? ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறோம். கல்யாணத்தில் ஒருத்தர் சாப்பிடாமல் போனால் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கிறோம். வேண்டாம் என்பவன் இலையிலும் இன்னொரு கரண்டி வைத்தால்தான் நமக்கு மனசு ஆறும். அந்த மனசைத்தான் மூட்டை கட்டி எடுத்துப் போயிருந்தோம்.

*

மறுநாளே அடுப்புகளை அணைத்தார்கள். காவல்காரர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார், சாம்பல் புஸ்ஸென்று எழுந்தது. சட்டி உலக்கைகளையெல்லாம் கேட்டுக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள். பெண்களும் கேட்டுக்கு வெளியே. காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் மட்டும் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போகலாம். சமைக்க வேலை இல்லாதபோது உள்ளே எதற்கு?

கற்கள் மிச்சம் கிடந்தன. நிறைய கல், ஒரு பக்கம் கரி ஏறியவை. சொல்தாவுக்கு ஒரு பொருள் சும்மா கிடந்தால் பொறுக்காது. வாசலில் இருந்து மாதா கோயில் வரைக்கும் போகிற பாதையின் இரண்டு பக்கமும் அந்தக் கற்களை வரிசையாகப் பதிக்கச் சொல்லி, சுண்ணாம்பு அடிக்க வைத்தார். பட்டாள முகாமில் அப்படித்தான் இருக்குமாம். வெயிலில் பளீரென்று கண் கூசியது.

நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அணைத்ததைக்கூட விடுங்கள். அந்தக் கல்லுக்கு வெள்ளையடிக்க எப்படி மனசு வந்தது?

நான் சமைத்தேன். சோறு, பருப்பு, கொஞ்சம் காய். பெரிய அண்டாவில் வடித்துத் தட்டுத் தட்டாக வண்டியில் வைத்து வார்டுக்கு அனுப்பினோம். முதல் நாள் பாதி திரும்பி வந்தது. காரம் அதிகமோ என்று மிளகாயைக் குறைத்தேன். மறுநாளும் திரும்பியது. உப்பைப் பார்த்தேன். குழைய வடித்தேன். திரும்பிக்கொண்டே இருந்தது.

“பழக்கம் இல்ல, பழகிக்குவாங்க” என்றார் சொல்தா. “பசி எடுத்தா தானா தின்னுவாங்க.”

பெண்கள் வார்டில் ஒரு சின்னப் பெண் கிடந்தாள். எட்டு ஒன்பது வயது இருக்கும். பாவாடையில் தீப்பிடித்துத் தொடையிலிருந்து முழங்கால் வரை வெந்திருந்தது. அடுப்பை அணைப்பதற்கு முன்னால் ஒரு நாள் அவள் அம்மா ஊட்ட ஊட்டச் சாப்பிட்டுக்கொண்டு, என் நெற்றிக் குங்குமத்தைக் காட்டி ஏதோ கேட்டாள். வார்டு கழுவுகிற அந்த ஊர் அம்மாள் பிரெஞ்சில் சொல்ல, நர்ஸ் பெண் தமிழில் சொன்னாள்.

“ஆயா, ஒனக்கும் காயமா, மருந்து போடலியான்னு கேக்குறா.”

எனக்கு உதடு வெடித்து ரத்தம் வந்தது, அவ்வளவு சிரித்தேன்.

அந்தப் பெண்தான் இப்போது தட்டைத் தொடவே மாட்டேன் என்றாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தட்டு வருகிற நேரமும் அம்மாவை உள்ளே விடுகிற நேரமும் வேறு வேறு. அம்மா வந்தபோது கையில் ஒன்றும் இருக்காது. குழந்தை அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் அந்த ஊர்ப் பையன், நல்லவர். அவர் சொன்னார்: காயத்தின் மேல் வேறு இடத்துத் தோலை எடுத்து வைக்க வேண்டும். உடம்பில் தெம்பு இருந்தால்தான் அது ஒட்டும். இப்படியே சாப்பிடாமல் இருந்தால் தோல் வைக்க முடியாது, புண்ணில் சீழ் பிடித்துவிடும், அதற்கப்புறம் அவர் கையில் ஒன்றும் இல்லை.

நானே தட்டை எடுத்துக்கொண்டு போனேன். கொஞ்சினேன், பாட்டுப் பாடினேன், எனக்கு வராத பாட்டெல்லாம் பாடினேன். அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், ரொம்ப மெதுவாக. வார்டு கழுவுகிற அம்மாள் துடைப்பத்தை அப்படியே நிறுத்திவிட்டார்.

“இன்னாவாம்?” என்றேன்.

நர்ஸ் பெண் அவரிடம் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டு சொன்னாள். “ஆயா, இந்த ஆஸ்பத்திரித் தட்டு ஆளு இல்லாதவங்களுக்குத்தான் வருமாம். கடைசி ரூம் தாத்தாங்க மாரி. அதனால பாப்பா கேக்குது, எங்கம்மா என்ன வுட்டுட்டுப் போவப் போறாளா, எப்பன்னு.”

“அம்மாதான் டெய்லி வந்து பாக்குறாளே?”

“அதான் கேக்குது. அம்மா வரா, ஆனா ஆக்கித் தரல. அப்ப வுட்டுட்டாங்கன்னுதான அர்த்தம்?”

என் கையில் அந்தத் தட்டு இருந்தது. பருப்பு ஊற்றிய சோறு, பக்கத்தில் பூசணிக்காய். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். இத்தனை நாளும் நான் ஒவ்வொரு கட்டிலாகப் போய், உனக்கு ஆள் இல்லை, உனக்கு ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த வேலைக்குத்தான் என்னைக் கடல் தாண்டிக் கூட்டிவந்திருக்கிறார்கள்.

*

நர்ஸ் பெண் போய்ச் சொல்தாவிடம் சொன்னாள். நான் தூண் மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“மூட நம்பிக்க” என்றார். “இதுக்கெல்லாம் எறங்கிக் குடுத்தா எதையும் மாத்த முடியாது. அதுவும் அந்தப் புள்ள நெருப்புல வெந்த புள்ள. அதும் பக்கத்துலயே அடுப்பு மூட்டணுமா? நீ நர்ஸுதான? யோசிச்சுப் பேசும்மா.”

“ஐயா, அந்தம்மாவ மட்டுமாச்சும்...”

“ஒருத்தர உட்டா எல்லாரும் வருவாங்க.”

அவள் தலைமை மாசேரிடம் போனாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சொன்னாராம்: “தெரியும்மா. எனக்குத் தெரியாதா? நீங்க போற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கிட்டா நல்லது.”

நாங்கள் போக இன்னும் பல வாரம் இருந்தது. அந்தப் புண் அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளுமா? அதை யார் கேட்பது?

கேட்டுக்கு வெளியே குழந்தையின் அம்மா உட்கார்ந்திருந்தாள். நிழல் இல்லாத இடம். பக்கத்தில் சட்டி கவிழ்த்து வைத்திருந்தது, உலக்கை மடியில் இருந்தது. அங்கேயே சமைக்கவும் காவல்காரர் விடவில்லை. என்னைப் பார்த்ததும் ஏதோ சொன்னாள். கூட வந்த வார்டு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரிப்பு அடங்கிய பிறகுதான் பிரெஞ்சில் சொன்னார்.

“இன்னா சொல்றா?”

நர்ஸ் பெண் தயங்கினாள். “கோவிச்சுக்காத ஆயா. நெட்டையா ஒருத்தன் இருக்கானே, அவன் அம்மா அவனுக்குச் சின்ன வயசுல ஒழுங்கா சோறு போடல போலருக்கு, அதான் ஊருல எல்லாப் புள்ளைக்கும் அவனே அம்மாவா ஆவப் பாக்குறான்னு சொல்றா.”

நான் சிரிக்கவில்லை. அவளும் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. உலக்கையைப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால், சொல்தா மேல், அந்த மாசேர் மேல், எக்ஸ்ரே மிஷின் மேல், மடிப்புக் கலையாத அந்தச் சட்டை மேல், எல்லாவற்றின் மேலும்தான். வாயைத் திறந்து சொல்லத் தெரிந்திருந்தால் அங்கேயே கத்தியிருப்பேன். தெரியவில்லை. ஆனால் கால் தானாக நடந்தது.

கோயில் பாதைக்குப் போனேன். குனிந்து ஒரு வெள்ளைக் கல்லைப் பிடுங்கினேன். பதித்திருந்ததால் ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டியிருந்தது. அடிப்பக்கம் திருப்பினால் கரி அப்படியே இருந்தது. சுண்ணாம்பு என் புடவையெல்லாம் அப்பிக்கொண்டது. மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். திரும்பி வந்து இன்னொன்று. முட்டி வலித்தது, விடவில்லை. பட்டப்பகல், வார்டு ஜன்னலெல்லாம் தலைகள். நான் மூன்றாவது கல்லோடு மல்லுக்கட்டும்போது அந்த அம்மா கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். காவல்காரர் அவளைத் தடுக்கவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

சொல்தா ஓடிவந்தார். “அம்மா! இன்னா பண்றீங்க?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஒங்கள எதுக்குக் கூட்டியாந்தேன்? சமைக்கத்தான? அங்க அடுப்புல அரிசி கொதிக்குது, இங்க வந்து கல்லப் பேத்துக்கினு இருக்கீங்க? காது கேக்குதா இல்லியா?”

நர்ஸ் பெண் ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் சொன்னாள்: “கேக்காதுங்க ஐயா. காத்துல மண்ணு பூந்து நேத்துலருந்து ஆயாவுக்குக் காது அடைச்சுக்கிச்சு.”

அதற்குள் அந்த அம்மா சுள்ளி வைத்துப் பற்ற வைத்துவிட்டாள். சட்டியில் தண்ணீர் ஏறியது. கல்லின் மேல் சுண்ணாம்பு சூட்டில் பழுப்பாகி உரிய ஆரம்பித்தது. சத்தம் கேட்டுத் தலைமை மாசேர் வந்தார். சொல்தா பிரெஞ்சில் படபடவென்று கொட்டினார். மாசேர் நெருப்பைப் பார்த்தார், என் புடவையைப் பார்த்தார். “சாம்பல மட்டும் அள்ளிக் கொட்டிடச் சொல்லுங்க” என்று தமிழில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவு நாள் கழித்து அவ்வளவுதான் சொல்ல முடிந்தது அவருக்கு. அதற்கு நன்றி சொல்ல எனக்கு இப்போதும் மனசு வரவில்லை.

கம்பு மாவைக் கொட்டிக் களி கிண்டினாள். ஏதோ காய்ந்த இலைப் பொடியில் வழவழவென்று ஒரு குழம்பு. உள்ளே கொண்டுபோனாள். குழந்தை முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அம்மா ஒன்றும் பேசாமல் கட்டிலில் உட்கார்ந்து, களியைக் கிள்ளி உருட்டிக் குழம்பில் தொட்டுக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். அந்த வாசனை எட்டியிருக்க வேண்டும். குழந்தை திரும்பி, புகையேறிய அம்மாவின் கையை மோந்து பார்த்தது. பிறகு அழுதுகொண்டே அம்மாவைத் திட்டியது. என்ன திட்டியது என்று யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. எனக்குத் தேவையும் இருக்கவில்லை. திட்டிக்கொண்டே தின்றது.

*

அன்றோடு என்னை அடுப்படியிலிருந்து நீக்கினார் சொல்தா. “ரெஸ்ட் எடுங்கம்மா” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. மிச்ச வாரங்கள் கட்டுத் துணி மடித்தேன். இன்னும் சில பெண்கள் அவரவர் கல்லைப் பாதையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். எல்லோருக்கும் அந்தத் தைரியம் வரவில்லை. பாதையில் அங்கங்கே பல் விழுந்த மாதிரி பள்ளம் இருந்தது. சொல்தா காலையில் அந்த வழியாக நடக்கும்போது பள்ளத்தைப் பார்க்காதவர் போலத் தாண்டுவார். மிச்சத் தட்டுகள் வண்டியில் போய்க்கொண்டும் திரும்பிக்கொண்டும்தான் இருந்தன.

குழந்தைக்குத் தோல் வைத்தார்கள். ஒட்டியதா என்று முழுசாகத் தெரிவதற்குள் நாங்கள் கிளம்ப வேண்டியதாயிற்று. டாக்டர் பரவாயில்லை என்று தலையாட்டினார். அவள் என் நெற்றியைக் காட்டி, இன்னும் ஆறலையா என்பது போல உதட்டைப் பிதுக்கினாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த அம்மா என்னை மரத்தடிக்குக் கூப்பிட்டாள். ஒரு கிண்ணம் நிறையக் களி, மேலே குழம்பு. இரண்டு கையாலும் நீட்டினாள். நான் எத்தனை வருஷம் எத்தனை பேருக்குச் சோறு போட்டிருப்பேன். எனக்கு யாராவது இப்படி நீட்டி நான் வாங்கியது நினைவில் இல்லை. கூச்சத்தில் வாய் கோணிக்கொண்டது. அப்போதுதான் சொல்தாவின் போன் கிளிக் என்றது. எல்லாவற்றையும் படம் எடுப்பார், பிரான்சுக்கு அனுப்ப.

*

மண்டபத்தில் கூட்டம் கலைந்து, டீயும் சமோசாவும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சொல்தா என்னிடம் வந்தார். பழைய மனஸ்தாபம் எதுவும் முகத்தில் இல்லை. அவருக்கு அதெல்லாம் தங்குவதில்லை போல.

“பாத்தீங்களாம்மா, எப்பிடிக் கைத்தட்டுனாங்க! அடுத்த வருசம் பெரிசா பண்றோம். கேஸ் அடுப்பு, ஸ்டீம் பாத்திரம், எல்லாம் போவுது. பூரா மெஸ்ஸு. முத்தத்துல இன்னும் அங்கங்க பொகையுதாம், அதயும் சுத்தமா நிறுத்திடலாம்.”

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். சுற்றி நாலு பேருக்கு மேலேயே இருந்தார்கள். ஆனாலும் குரல் வந்தது. எனக்கே அது என் குரல் போல இல்லை.

“அந்தக் கிண்ணம் அவளோடதுங்க.”

“எந்தக் கிண்ணம்மா?”

“படத்துல இருக்கறது. அவ எனக்குப் போட்டா. நான் போடல.”

அவர் சிரித்தார். “இருக்கட்டும்மா. யாரு போட்டா என்ன, வயிறு நெறஞ்சிச்சில்ல?”

“நெறையல” என்றேன். “நீங்க போட்டது திரும்பித் திரும்பி வந்துச்சி. அவ போட்டதுதான் உள்ள போச்சி. நீங்க அடுப்பு எதுவும் எடுத்துக்கினு போவ வேணாம். போனா, அந்தப் பாதையில மிச்சம் கெடக்குற கல்லுங்கள எடுத்து அவுங்க அவுங்ககிட்ட குடுத்துட்டு வாங்க. அது போதும்.”

பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். சொல்தா புருவத்தைச் சுருக்கி யோசித்தார். நடிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தார்.

“எந்தக் கல்லும்மா?” என்றார்.

பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை. வீடு வரைக்கும் வேகுவேகு என்று நடந்தே வந்தேன்.